புள்ளியும் இல்ல, ஜபர் ஜேரும் இல்ல: ஆரம்பகால அரபு எழுத்தை எப்படித்தான் வாசிச்சாங்க?

கடலோரக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ஒரு பழைய குர்ஆன் ஏடு இருக்குல்ல, 2015ல நியூஸ்லாம் வந்துச்சே, ரெண்டே ரெண்டு தோல் ஏடு, அதோட படத்த நெட்ல பெருசு பண்ணிப் பாத்துட்டிருந்தேன். கஹ்ஃபு, மர்யம், தாஹா இந்த மூணு சூராவுலயும் (குர்ஆன் அத்தியாயம்) கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. சின்ன வயசுல இருந்து ஓதுற சூராக்கள்தான், ஆனா ஒரு வரிகூட சட்டுனு பிடிபடல. அ, இ, உ ஒலிக்குப் போடுற ஜபர் இல்ல, ஜேர் இல்ல, பேஷ் இல்ல, எழுத்த இரட்டிக்கிற ஷத்து கிடையாது, ஹம்ஸா குறி கிடையாது, நுக்தாகூட (எழுத்தோட புள்ளி) எங்கயோ சில எழுத்துக்கு மட்டும் குட்டிக் கோடு மாதிரி இழுத்திருக்கு. பா-வா, தா-வா, நூனா, யா-வான்னு அந்தக் காலத்து ஆளுங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க? புள்ளிய யாரு எப்ப போட ஆரம்பிச்சாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல படிப்பேன்.

சுவடிப்பித்தன்:
வ அலைக்கும் சலாம் சகோ, நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

மொதல்ல ரெண்டு விஷயத்த தனியா பிரிச்சு வச்சுக்கணும், இத கலந்துட்டா கடைசி வரைக்கும் குழப்பம்தான். ஒன்னு, ஒரே உருவத்துல இருக்கிற எழுத்துக்கள பிரிச்சுக் காட்டுற நுக்தா, அதாவது பா-வுக்கு கீழ ஒன்னு, தா-வுக்கு மேல ரெண்டு அந்த மாதிரி. இன்னொன்னு அ, இ, உ ஒலிய காட்டுற ஜபர் ஜேர் பேஷ். ரெண்டும் ஒரே நாள்ல ஒரே ஆள் கொண்டு வந்தது இல்ல, வேற வேற தேவைக்காக வந்தது. இந்த ரெண்டுமே இல்லாம வெறும் கோட்டுருவமா இருக்கிறதுக்கு ரஸ்ம்னு பேரு.

இப்ப ஏன் இப்படி ஒரே உருவத்துக்கு இத்தன ஒலி வந்துச்சுன்னு பாருங்க. ஜோர்தான்ல பெட்ரா இருக்குல்ல, மலையக் குடைஞ்சு கட்டின ஊரு, அந்த நபதேயர்கள் எழுதின அரமேய எழுத்துலருந்துதான் அரபு எழுத்து வந்தது. அரமேயத்துக்கு 22 எழுத்து போதும். அரபிக்கு 28 மெய்யொலி வேணும். ஆறு ஒலிக்கு எழுத்தே இல்ல, அதனால கிட்டத்தட்ட ஒத்த ஒலி உள்ள எழுத்தையே எடுத்துக்கிட்டாங்க, தால் எழுத்தே தாலுக்கும் ஃதாலுக்கும், அய்னே அய்னுக்கும் கய்னுக்கும், இப்படி. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்ன ஆச்சுன்னா, நபதேயர்கள் வேகமா கூட்டெழுத்தா எழுத எழுத, தனித்தனியா இருந்த எழுத்துக்களே தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒன்னு போல ஆகிடுச்சு, ஜீமும் ஹாவும் ஒன்னாச்சு, ராவும் ஸாயும் ஒன்னாச்சு, பா தா நூன் யா நாலும் வார்த்தைக்கு நடுவுல வந்தா ஒரு சின்னப் பல்லு மாதிரி மேல எழும்புற கோடு மட்டும்தான். ஸாவையும் சேத்தா ஒரு பல்லுக்கு அஞ்சு ஒலி.

கணக்குப் போட்டுப் பாருங்க, நுக்தாவ எல்லாம் எடுத்துட்டா தனியா நிக்கிற எழுத்துல 28க்கு 18 உருவம்தான் மிஞ்சும். வார்த்தை நடுவுல இன்னும் மோசம், 15 தான்.

போதாததுக்கு நீட்டல் ஆ ஒலிக்கு வார்த்தை நடுவுல அலிஃப் போடுற பழக்கமும் அப்ப சரியா கிடையாது. அரமேயப் பழக்கம் அப்படியே தொடர்ந்து வந்தது அது.

தென்காசித்தமிழ்:
ஒரு சந்தேகம். இஸ்லாத்துக்கு முந்தியே இந்த எழுத்து இருந்துச்சா? நான் குர்ஆனுக்காகத்தான் எழுத்தே வந்துச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

சுவடிப்பித்தன்:
இருந்துச்சு சார். சிரியாவுல நமாராங்கிற இடத்துல ஒரு கல்லறைக் கல்வெட்டு, கி.பி. 328, அஞ்சே வரி. மொழி அரபி, எழுத்து நபதேயம். இம்ருல் கைஸ்ங்கிற அரசனோடது, எல்லா அரபிகளுக்கும் அரசன்னு சொல்லிக்கிற கல்வெட்டு, 1901ல பிரெஞ்சுக்காரங்க கண்டெடுத்தாங்க, இப்ப பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. அந்த அஞ்சு வரிய வாசிக்க நூறு வருஷத்துக்கு மேல அறிஞர்கள் சண்டை போட்டுட்டிருக்காங்க, காரணமே நாம பேசுற இந்த விஷயம்தான், எந்தக் கோடு எந்த எழுத்துன்னு ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க.

அப்புறம் அலெப்போவுக்குத் தெற்கால ஜபத், 512. ஹர்ரான், 568. இந்த ரெண்டுலயும் பக்கத்துலயே கிரேக்கமும் இருக்கு. நஜ்ரானுக்குப் பக்கத்துல ஹிமாங்கிற இடத்துல 5ஆம் நூற்றாண்டு கல்வெட்டுகளும் 2014ல கிடைச்சிருக்கு. அதனால நபி காலத்துக்கு முன்னாடியே எழுத்து நல்லா உருவாகிடுச்சு.

நூருல்_கலம்:
மாஷா அல்லாஹ், நல்ல தொகுப்பு. நான் மதரஸாவுல படிச்சத சொல்றேன். ஈராக் கவர்னரா இருந்த ஹஜ்ஜாஜ் பின் யூசுப், அவர் காலத்துல அரபி அல்லாத மக்கள் கூட்டம் கூட்டமா இஸ்லாத்துக்கு வந்தாங்க, அவங்க ஓதும்போது எழுத்து மாறிப் போகுதுன்னு பாத்து, நஸ்ர் பின் ஆஸிம், யஹ்யா பின் யஃமர் இந்த ரெண்டு பேரையும் வச்சு நுக்தா போட வச்சார்னு எங்க உஸ்தாத் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அபுல் அஸ்வத் அத்துஅலி (ஹிஜ்ரி 69ல இறந்தவர்) ஹரகத்துக்காக, அதாவது ஜபர் ஜேர் பேஷ் மாதிரி உயிரொலிக் குறிக்காக, சிவப்புப் புள்ளி போட்டாங்க. ஆக ஹரகத் முதல்ல, நுக்தா அப்புறம். இதுதான் வரிசை.

பாலைநிலா:
ஹஜ்ரத், அபுல் அஸ்வத் விஷயத்துக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல நுக்தா. ஹஜ்ஜாஜ் ஈராக் கவர்னரானது 694ல. அதுக்கு அம்பது வருஷம் முந்தியே நுக்தா போட்ட ஆவணம் கையில இருக்கு, தேதியோட.

வியன்னாவுல ஆஸ்திரிய தேசிய நூலகத்துல ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள் ஆவணம்) இருக்கு, அதோட எண் பிஇஆர்எஃப் 558. எகிப்துல இஹ்னாஸ்ங்கிற ஊர்ல எழுதினது, ஹிஜ்ரி 22, அதாவது கி.பி. 643. கலீஃபா உமர் (ரலி) உயிரோட இருந்த காலம். என்ன விஷயம்னா ஆட்டு ரசீது! படையோட வந்த அப்துல்லாங்கிற தளபதி அந்த ஊர்க்காரங்ககிட்ட 65 ஆடு வாங்கிட்டோம்னு கிரேக்கத்துலயும் அரபியிலயும் எழுதிக் குடுத்த ரசீது. அதுல ஜீம், ஃகா, ஃதால், ஸாய், ஷீன், நூன் இந்த எழுத்துக்களுக்கு அங்கங்க நுக்தா தெளிவா இருக்கு.

அடுத்து, சவூதியில அல்உலா பக்கத்துல பாறையில ஒருத்தர் கிறுக்கி வச்சது, "நான் ஜுஹைர், உமர் இறந்த காலத்துல, 24ஆம் வருஷம் எழுதினேன்"னு. கி.பி. 644. அலி அல்கப்பான்ங்கிற சவூதி ஆய்வாளர் கண்டுபிடிச்சு வெளியிட்டார், 2003ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல சேத்தாங்க. அதுலயும் நுக்தா இருக்கு. மூணாவது, தாயிஃப் பக்கத்துல கலீஃபா முஆவியா கட்டின அணை, ஹிஜ்ரி 58, அங்க இருக்கிற கல்வெட்டுலயும் இருக்கு.

ஆட்டு ரசீது எழுதுற ஒரு குமாஸ்தாவுக்கே 643ல நுக்தா தெரிஞ்சிருக்குன்னா அது நேத்து வந்த விஷயமா இருக்க முடியாது, அதுக்கும் முன்னாடியே புழக்கத்துல இருந்திருக்கணும். சிரியாக் எழுத்துலயும் தாலையும் ராவையும் பிரிக்க கீழ ஒரு புள்ளி மேல ஒரு புள்ளின்னு வைக்கிற பழக்கம் உண்டு, அதனால புள்ளி வச்சுப் பிரிக்கிறது அந்த வட்டாரத்துக்கே புதுசு இல்ல.

கல்வெட்டுக்காதலன்:
தாயிஃப் அணை கல்வெட்டுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. கடைசியில எழுதினவர் பேரு போட்டிருக்கு, அம்ரு பின் ... அப்பா பேரு ஹப்பாப்னு சிலர் வாசிக்கிறாங்க, ஜனாப்னு சிலர். ஹாவா ஜீமா, பாவா நூனா, ரெண்டு இடமும் சந்தேகம். கல்லுல வேற பல இடத்துல நுக்தா வச்ச மனுஷன் தன் பேருக்கு வைக்காம விட்டுட்டாரு, 1300 வருஷம் கழிச்சு அவர் அப்பா பேரு நமக்கு நிச்சயமா தெரியாமப் போச்சு.

பாலைநிலா:
ஆமா. ஆட்டு ரசீதுலயும் இதே கதைதான். அப்துல்லா பின் ஜாபிரா, பின் ஜப்ரா? நடுவுல அலிஃப் எழுதுற வழக்கம் இல்லாததால ரெண்டுமே ஒரே மாதிரிதான் இருக்கும். எழுதினவர் இப்னு ஹதீதா, இப்னு ஹுதைதா? அதுவும் அப்படித்தான். கிரேக்கப் பக்கத்துல அப்துல்லா பேரு மட்டும்தான் உதவுது.

நூருல்_கலம்:
சகோதரி குடுத்த ஆதாரம் நல்லாருக்கு, மறுக்கல. ஆனா ரிவாயத்த (வழிவழியா வந்த அறிவிப்ப) அப்படியே ஒதுக்கிடாதீங்க. ஆபீஸ் கணக்குல ஒரு குமாஸ்தா தனக்குத் தோணின இடத்துல நுக்தா வைக்கிறது வேற, அல்லாஹ்வோட வார்த்தை எழுதின முஸ்ஹஃபுல (குர்ஆன் பிரதியில) எல்லா எழுத்துக்கும் ஒழுங்கா வைக்கணும்னு ஒரு அரசாங்கம் முடிவெடுக்கிறது வேற. முஸ்ஹஃபுல எதையும் கூட்டிடக் கூடாதுன்னு ஆரம்பகால ஆளுங்க எவ்ளோ பயந்தாங்கன்னு எங்க கிதாபுகள்ல நிறைய இருக்கு. நஸ்ரும் யஹ்யாவும் செஞ்சது அந்தப் பெரிய வேலைன்னு ஏன் எடுத்துக்கக் கூடாது?

பாலைநிலா:
அப்படி எடுத்துக்கிறதுதான் எனக்கும் சரியாப் படுது ஹஜ்ரத். இருந்த கருவிய முறைப்படுத்தினாங்க, கட்டாயமாக்கினாங்கன்னு சொன்னா பாப்பிரஸும் பொருந்தும், ரிவாயத்தும் பொருந்தும். "கண்டுபிடிச்சாங்க"ன்னு மட்டும் சொல்ல முடியாது.

இதுல இன்னொரு விஷயம் யோசிக்கணும். நுக்தா தெரிஞ்சிருந்தும் ஏன் எல்லா எழுத்துக்கும் வைக்கல? வச்ச இடத்த பாத்தா குழப்பம் வர்ற இடமா தேடி வச்ச மாதிரியும் தெரியல, யாருக்கும் சந்தேகமே வராத வார்த்தைக்கு வச்சிருக்கான், நமக்கு மண்டை காயுற ஊர் பேர், ஆள் பேர்ல வைக்காம விட்டிருக்கான். பாப்பிரஸ் ஆவணங்கள் நூத்துக்கணக்குல பாத்தாலும் இதே நிலைமைதான். ஏன்னா படிக்கப் போறவனுக்கு விஷயம் தெரியும். அந்த ரசீத வாங்கி வச்சுக்கப் போறவனுக்கு அப்துல்லா யாருன்னு தெரியும், எத்தன ஆடுன்னு தெரியும். நமக்காக அவன் எழுதல.

சுவடிப்பித்தன்:
இது ரொம்ப முக்கியமான பாயிண்ட். நாம எழுத்துன்னா தெரியாத ஒன்ன தெரிஞ்சுக்கிறதுக்குன்னு நினைக்கிறோம். அங்க எழுத்து தெரிஞ்சத உறுதிப்படுத்திக்க, மறந்தா ஞாபகப்படுத்திக்க. குர்ஆன் விஷயத்துல இது இன்னும் அதிகம், மனப்பாடம் பண்ணின ஆளுங்க உயிரோட இருக்காங்க, ஏடு அவங்களுக்குத் துணை. கலீஃபா உஸ்மான் (ரலி) கூஃபா, பஸ்ரா, டமாஸ்கஸ்னு பிரதிகள் அனுப்பினப்ப ஓதிக் காட்டுற ஆளையும் கூடவே அனுப்பினாங்கன்னு சொல்ற வழக்கும் அதனாலதான்.

பெரிய மனுஷங்களுக்கு எழுதுற கடிதத்துல நுக்தா வச்சு எழுதினா "உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா"ன்னு கோவிச்சுக்குவாங்கன்னு அப்பாசியர் காலத்து எழுத்தர் கையேடுகள்ல இருக்கு. அப்ப வரைக்கும் அந்தப் பெருமை போகல.

தென்காசித்தமிழ்:
நம்ம ஓலைச்சுவடி மாதிரி இல்லையா இது? சுவடியில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, எ-வா ஏ-வா, ஒ-வா ஓ-வா தெரியாது, ர-வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். இடம் பாத்துத்தான் வாசிக்கணும்.

பாலைநிலா:
ஒப்பிடலாம் அண்ணே, படிக்கிறவன் மொழிய முழுசா அறிஞ்சவன்னு நம்பி எழுதினது ரெண்டும். ஆனா சுவடியில உயிரொலி பெரும்பாலும் எழுத்துலயே இருக்கு, கி, கு எல்லாம் தனித்தனியா தெரியும். அரபியில குறில் உயிர் எதுவுமே எழுத்துல கிடையாது. அது பாதகமா தெரியலாம், ஆனா அரபியில சொல்லோட கரு மூணு மெய்யிலதான் இருக்கு, க-த-ப வந்தா எழுதுற சம்பந்தமான சொல்லுன்னு உடனே தெரிஞ்சிடும், வாக்கியத்துல அது வர்ற இடத்த வச்சு எழுதினானா, எழுதப்பட்டதா, புத்தகங்களான்னு முடிவாகும். இன்னைக்கும் கெய்ரோ பேப்பர் எடுத்துப் பாருங்க, நுக்தா இருக்கும், ஹரகத் இருக்காது, சாதாரண மக்கள் டீ குடிச்சுட்டே படிச்சிட்டுப் போறாங்க.

கடலோரக்காரன்:
எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ். இப்ப வேற ஒரு சந்தேகம் வருது, கேக்கலாமா தெரியல, கேட்டுடுறேன். அப்போ நுக்தா இல்லாதப்ப ஒரே வார்த்தைய வேற மாதிரியும் வாசிக்க முடியும்னா, அர்த்தமே மாறிடாதா? யூட்யூப்ல ஒருத்தர் நுக்தாவ எல்லாம் மாத்திப் போட்டா குர்ஆன் வேற மாதிரி ஆயிடும்னு பேசிட்டிருக்காரு.

நூருல்_கலம்:
தாராளமா கேளுங்க, மறைக்க இதுல ஒன்னும் இல்ல. நம்ம இமாம்கள் ஆயிரம் வருஷம் முன்னாடியே இத உக்காந்து எழுதி வச்சுட்டாங்க. கிராஅத் (ஓதல் முறை) வித்தியாசம்னு சொல்றதுல இதுவும் அடங்கும்.

ஃபாத்திஹா சூராவுல நாம "மாலிகி யவ்மித்தீன்"னு ஓதுறோம், தீர்ப்பு நாளோட அதிபதி. மொராக்கோவுல வர்ஷ்ங்கிற ஓதல் முறையில "மலிகி யவ்மித்தீன்"னு ஓதுவாங்க, தீர்ப்பு நாளோட அரசன். எழுத்துல ரெண்டுக்கும் மீம் லாம் காஃப் மட்டும்தான், அலிஃப் இல்ல. நுக்தாவால வர்றதுக்கு உதாரணம் ஹுஜுராத் சூரா 6ஆவது ஆயத்து (வசனம்), ஒரு கெட்டவன் செய்தி கொண்டு வந்தா "ஃபதபய்யனூ", தெளிவா விசாரிங்கன்னு நாம ஓதுறோம், ஹம்ஸா, கிஸாயிங்கிற ரெண்டு ஓதல் இமாம்களும் "ஃபததப்பதூ"ங்கிற மாதிரி, அதாவது நிதானிச்சு உறுதிப்படுத்திக்கோங்கன்னு ஓதுறாங்க. கோட்டுருவம் ஒன்னேதான், பல்லுக்கு மேல கீழ புள்ளி மாறுது. ஆனா ரெண்டுமே அவசரப்பட்டு நம்பிடாதன்னுதானே சொல்லுது?

பாலைநிலா:
ஹஜ்ரத் சொன்னதோட இன்னொன்னு. அன்பியா சூரா 4ஆவது ஆயத்து. நாம ஓதுற ஹஃப்ஸ் முறையில "கால", அவர் சொன்னார். வேற சில ஓதல்கள்ல "குல்", நீ சொல்! பழைய ஏடுகள்ல காலங்கிறதையே அலிஃப் இல்லாம காஃப் (ق, மாலிகியில வர்ற காஃப் வேற) லாம்னு எழுதுவாங்க, அதனால ரெண்டுக்கும் எழுத்து ஒன்னு.

யூட்யூப் ஆளு சொல்றதுக்கு வர்றேன். கோட்ட மட்டும் வச்சு கற்பனையா நுக்தா மாத்தினா ஆயிரம் வார்த்தை உண்டாக்கலாம், ஆனா அதுல முக்கால்வாசி அரபியாவே இருக்காது, மிச்சத்துல பெரும்பாலானது வாக்கியத்துல உக்காராது, அதுக்கப்புறமும் மிஞ்சுறத தலைமுறை தலைமுறையா ஓதி வந்த வாய்வழி மரபு தடுக்குது. அறிஞர்கள் பதிவு பண்ணின ஓதல் வேறுபாடுகள பாத்தா பெரும்பாலானது உச்சரிப்பு, உயிரொலி சம்பந்தப்பட்டது, நுக்தா மாறுறது அதுல ஒரு பகுதி. பாக்தாத்துல இப்னு முஜாஹித் (கி.பி. 936ல இறந்தவர்) ஏழு ஓதல்கள தேர்ந்தெடுத்து வச்சதும் இந்த எல்லையக் கட்டத்தான், எழுத்து இடம் குடுக்குதுங்கிறதுக்காக மட்டும் யாரும் புதுசா ஓத முடியாது, கேட்டு வந்த வழி வேணும்.

கோட்டுருவமே எவ்ளோ கவனமா நகல் எடுத்தாங்கன்னு சமீபத்துல ஒரு அழகான வேலை வந்திருக்கு. மரைன் வான் புட்டன்ங்கிற டச்சு மொழியியலாளர் 2019ல காட்டினது. "நிஃமத்துல்லாஹ்", அல்லாஹ்வோட அருட்கொடைங்கிற அந்தச் சொல்லோட கடைசி எழுத்த சில இடத்துல ஹாவாவும் சில இடத்துல தாவாவும் எழுதுறாங்க, ரெண்டும் ஒரே ஒலிதான், எப்படி வேணா எழுதலாம். ஆனா வேற வேற ஊர்ல எழுதின மிகப் பழைய ஏடுகள எல்லாம் ஒப்பிட்டா எந்த இடத்துல ஹா, எந்த இடத்துல தாங்கிறது ஒன்னு போல இருக்கு. காதால கேட்டு எழுதினா இது வரவே வராது. எல்லாமே ஒரே எழுத்து மூலத்தப் பாத்து எழுதினதுக்கு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியல. படிச்சப்ப அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

கல்வெட்டுக்காதலன்:
சரி, ஹரகத் கதைக்கு வாங்க யாராச்சும்.

நூருல்_கலம்:
நானே சொல்றேன். தவ்பா சூரா 3ஆவது ஆயத்துல, அல்லாஹ் இணைவைப்பவர்கள விட்டு விலகினவன், அவன் தூதரும் அப்படித்தான்னு வரும். "வ ரஸூலுஹு"ன்னு பேஷ் வச்சு ஓதணும். ஒருத்தர் அத "வ ரஸூலிஹி"ன்னு ஜேர் வச்சு ஓதிட்டாராம். அர்த்தம் என்ன ஆகும்னா, அல்லாஹ் இணைவைப்பவர்களையும் தன் தூதரையும் விட்டு விலகினவன்னு ஆயிடும், அஸ்தஃபிருல்லாஹ். ஒரே ஒரு ஹரகத்துதான். அதக் கேட்டுப் பதறிப்போன அபுல் அஸ்வத் ஒரு எழுத்தரைக் கூப்பிட்டு, நான் வாயத் திறந்தா எழுத்துக்கு மேல ஒரு புள்ளி வை, உதட்டக் குவிச்சா முன்னாடி ஒரு புள்ளி வை, கீழ இறக்கினா கீழ ஒரு புள்ளி வைன்னு சொல்லி ஓத ஓத, அவர் வேற நிற மையில வச்சிட்டே போனாராம்.

சுவடிப்பித்தன்:
சம்பவம் அப்படியே நடந்துச்சான்னு நிரூபிக்க முடியாது, ஆனா அந்த முறை நிஜம். கூஃபிங்கிற பழைய எழுத்து நடையில இருக்கிற முஸ்ஹஃபுகள்ல கறுப்பு எழுத்துக்கு மேல கீழ பக்கத்துல சிவப்பு வட்டப் புள்ளி இருக்கிறத நானே படங்கள்ல நிறையப் பாத்திருக்கேன், தன்வீனுக்கு (சொல் கடைசியில வர்ற அன், இன், உன் ஒலி) ரெண்டு புள்ளி. கறுப்பு மை அல்லாஹ்வோட வார்த்தையா வந்த எழுத்து, சிவப்பு மனுஷன் சேத்த உதவி, ரெண்டும் கலக்கக் கூடாதுங்கிற கவனம் அந்த நிறத்துலயே இருக்கு பாருங்க.

ஆனா நுக்தாவும் புள்ளி, ஹரகத்தும் புள்ளின்னா சாதாரணமா ஒரே மையில எழுதுறவனுக்கு சிக்கல். அதத் தீர்த்தவர் பஸ்ராவுல இருந்த அல்ஃகலீல் பின் அஹ்மத், 8ஆம் நூற்றாண்டு. இப்ப நாம போடுற பேஷ் ஒரு குட்டி வாவ், ஜபர் படுக்க வச்ச குட்டி அலிஃப், ஷத்து ஷீனோட தலை, ஹம்ஸா அய்னோட தலை. எல்லாமே ஏற்கனவே இருக்கிற எழுத்துல இருந்து எடுத்தது, அதனாலதான் பழகிக்க ரொம்ப சுலபமா இருந்திருக்கு. அப்படி இருந்தும் குர்ஆன் ஏடுகள்ல சிவப்புப் புள்ளி முறை உடனே போகல, ரொம்ப காலம் தொடர்ந்துச்சு.

தென்காசித்தமிழ்:
அபுல் அஸ்வதுக்கு முந்தி குறில் உயிர் எப்படி ஒலிச்சாங்கன்னு இப்ப தெரிஞ்சுக்க வழியே இல்லையா?

கல்வெட்டுக்காதலன்:
இருக்கு, கிரேக்கம்தான் வழி! கிரேக்க எழுத்துல உயிர் கட்டாயம் எழுதியாகணும். ஹர்ரான் கல்வெட்டுல அரபிப் பக்கம் ஷீன் ரா ஹா யா லாம்னு வெறும் எலும்பு மட்டும், ஷராஹீல் பின் ழாலிம்னு நாம ஊகிக்கிறோம், கிரேக்கப் பக்கத்துல அதே ஆள் பேர் உயிரோட சேர்ந்து வருது. எகிப்து பாப்பிரஸ்கள்லயும் அரபிப் பேர்கள் கிரேக்கத்துல கிடைக்குது.

எல்லாத்தையும் விட பெரிய புதையல் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசல்ல 1900 வாக்குல கிடைச்ச ஒரு தோல் ஏடு. பைபிள் சங்கீதம் 78, ஒரு பக்கம் கிரேக்க மூலம், இன்னொரு பக்கம் அரபி மொழிபெயர்ப்பு, ஆனா அந்த அரபியும் கிரேக்க எழுத்துல! அரபி எழுத்து மறைக்கிற அத்தன உயிரும் அதுல வெட்டவெளிச்சமா இருக்கு. நீட்டல் ஆ பல இடத்துல ஏ பக்கம் சாயுறது, இமாலான்னு சொல்வாங்கல்ல, அது தெளிவா தெரியுது. எழுதின அந்தக் கிறிஸ்தவருக்கு நாம எல்லாரும் கடன்பட்டிருக்கோம்.

கோடிங்குமார்:
பழங்காலத்துல இருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. 2021 மே மாசம் காஸா, ஜெரூசலம் விஷயமா அரபிக்காரங்க போட்ட போஸ்ட் எல்லாம் ஃபேஸ்புக்ல தூக்குறாங்கன்னு புகார் வந்தப்ப, நிறைய பேர் நுக்தாவே இல்லாம எழுத ஆரம்பிச்சாங்க. மனுஷன் படிச்சிடுவான், மெஷினுக்கு புரியாது. வார்த்தைய குடுத்தா நுக்தாவ உருவித் தர்ற டூல்கூட வந்துச்சு. யூனிகோட்ல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துக்கான எண் முறையில, புள்ளியில்லாத பா, புள்ளியில்லாத காஃப் (ق) ரெண்டுக்கும் தனி எண் ஏற்கனவே இருக்கு, அதனால டைப் பண்றதும் கஷ்டமில்ல.

பாலைநிலா:
எனக்கு இது ரொம்ப நெகிழ்ச்சியா இருந்துச்சு அப்ப. மொழி தெரிஞ்சவனுக்கு ரஸ்ம் போதும்னு நாம இங்க வாதாடிட்டிருக்கிறத சாதாரண மக்கள் செஞ்சே காட்டிட்டாங்க. இன்னொன்னையும் கவனிங்க, நுக்தா கட்டாயமானது வெளியாளுக்காக, அதே நுக்தாவ எடுத்துட்டா வெளியாள் வாசல்லயே நின்னுடுறான்.

நூருல்_கலம்:
அந்த வெளியாள்ங்கிறது நம்மளையும் சேத்துத்தான் சகோதரி. அரபி தெரியாத கோடிக்கணக்கான மக்கள் தமிழ்நாட்டுல, மலேசியாவுல, ஆப்பிரிக்காவுல இன்னைக்கு எழுத்துக் கூட்டி சரியா ஓதுறாங்கன்னா அபுல் அஸ்வத்தும் நஸ்ரும் ஃகலீலும் பட்ட பாடுதான். நம்ம அரபுத்தமிழ எடுத்துக்கோங்க, காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையில எல்லாம் தமிழ அரபு எழுத்துல எழுதி எத்தன கிதாபு போட்டாங்க. தமிழுக்கு ஹரகத் இல்லாம எழுதினா ஒன்னுமே புரியாது, அதனால முழு ஹரகத்தோட எழுதினாங்க. அரபியில இல்லாத ட, ப, ள மாதிரி ஒலிக்கு இருக்கிற எழுத்துலயே கூடுதலா நுக்தா வச்சு புது எழுத்து உண்டாக்கினாங்க, எ, ஒ-வுக்கும் குறி சேத்தாங்க. ஃகலீல் குடுத்த கருவிதான் நம்ம ஊர் வரைக்கும் வந்து வேலை செஞ்சிருக்கு.

கடலோரக்காரன்:
எங்க உம்மம்மா கிட்ட அந்த மாதிரி கிதாபு இருந்துச்சு ஹஜ்ரத், இப்ப எங்க போச்சுன்னு கேக்கணும். சரி, நான் பர்மிங்காம் ஏட்ட வாசிச்சுப் பழகணும்னா எங்க ஆரம்பிக்கலாம்?

சுவடிப்பித்தன்:
உங்களுக்கு மனப்பாடமா இருக்கிற இடத்துல ஆரம்பிங்க. அந்த ஏட்டுல மர்யம் சூரா முடிஞ்சு தாஹா ஆரம்பிக்கிற இடம் இருக்கு, நடுவுல ஒரு அலங்காரக் கோடு போட்டுப் பிரிச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ பிஸ்மில்லா. அத மொதல்ல பிடிங்க, அப்புறம் நாலஞ்சு ஆயத்த வாயால ஓதிட்டே விரல வச்சு ஓட்டுங்க. அலிஃப் நேரா நிக்காம வலப்பக்கம் சாஞ்சு இருக்கும், ஹிஜாஸிங்கிற ஆரம்பகால எழுத்து நடையோட அடையாளமே அதுதான், அது பழகினா பாதி வேலை முடிஞ்சது. அப்புறம் பாரிஸ் தேசிய நூலகத்துல அரப் 328ங்கிற எண்ல இருக்கிற ஏடுகளப் பாருங்க, எகிப்து ஃபுஸ்தாத் பள்ளிவாசல்ல இருந்து போனது, பர்மிங்காம் ஏட்டோட கூடப்பிறந்த ஏடுகளும் அந்த எண்ணுக்குக் கீழயே இருக்கு. பெர்லின்காரங்க நடத்துற கார்ப்பஸ் கொரானிகம் தளத்துல படமும் பக்கத்துலயே எழுத்துப்பெயர்ப்பும் சேத்துக் கிடைக்கும், மாட்டிக்கிட்டா அதுல சரி பாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, பர்மிங்காம் ஏட்டுக்கு 568லருந்து 645க்குள்ளன்னு சொல்றது தோலோட கார்பன் கணக்கு, மையோடது இல்ல. ஆடு எப்ப செத்துச்சுன்னுதான் அது சொல்லும், எப்ப எழுதினாங்கன்னு சொல்லாது.

கடலோரக்காரன்:
பாத்தேன் சகோ! பிஸ்மில்லா உடனே கிடைச்சிடுச்சு. அதுக்கப்புறம் தாஹா ஆரம்பம், "மா அன்ஸல்னா அலைக்கல் குர்ஆன லி தஷ்கா", வாயால ஓதிட்டே போனா ஒவ்வொரு பல்லும் தானா எழுத்தா மாறுது, ஓதாம பாத்தா மறுபடி வெறும் கோடு. ஒன்னு மட்டும் கேக்கணும், வேற ஒரு பழைய ஏட்டுல காஃபுக்கு (ق) மேல ரெண்டு புள்ளிக்குப் பதிலா ஒரே ஒரு புள்ளி இருக்கு, அதனால ஃபா-ன்னு நெனச்சு திரும்பத் திரும்ப முட்டிட்டு நிக்கிறேன்.

கல்வெட்டுக்காதலன்:
அது அப்ப இன்னும் முடிவாகாத விஷயம். ஃபாவையும் காஃபையும் பிரிக்க ஊருக்கு ஒரு முறை இருந்துச்சு, ஒன்னுக்கு மேல புள்ளி ஒன்னுக்குக் கீழ புள்ளி வைக்கிறதும் உண்டு. மொராக்கோ பக்கம் இன்னைக்கும் மக்ரிபி முஸ்ஹஃபுல ஃபாவுக்குக் கீழ ஒன்னு, காஃபுக்கு மேல ஒன்னு. அதே ஏட்டுல சந்தேகமே வராத ஃபா ஒன்ன தேடுங்க, "ஃபீ"ன்னு வர்ற இடம் ஏதாச்சும். அதுல புள்ளி எங்க இருக்குன்னு பாத்துட்டா அந்த எழுத்தர் எந்த முறைன்னு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் அந்த ஏடு முழுக்க அதே கணக்குதான்.